இரத்தப் படலம் பெற்ற பெயர்

‘இரத்தப் படலம்’ என்று தமிழில் வழங்கும் படக்கதைத் தொடரை எழுதியவர் ழான் வான் ஹாம்மே. 1939இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தவர். படம் வரைந்தவர் வில்லியம் வான்ஸ். மூலத்தில் இதற்குத் தலைப்பே ரோமன் எண்ணில் எழுதிய பதிமூன்று மட்டும்தான். 1984இல் ‘ஸ்பிரூ’ என்ற வார இதழில் பிரெஞ்சு மொழியில் தொடங்கிய கதை சிவகாசி வழியாகத் தமிழ் வாசகரை வந்தடைந்தது. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் சிறந்த த்ரில்லர்களைப் பட்டியலிடும்போது இதற்கு முதல் வரிசையில் இடம் தருகிறார்கள்; பலர் முதல் இடத்தையே தருகிறார்கள். இத்தனை பெரிய பெயருக்கு வான் ஹாம்மே தகுதியானவர்தானா, தகுதியானவர் என்றால் எந்தப் பகுதி வரைக்கும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பிரெஞ்சுப் படக்கதை ஒன்று வானம் பார்த்த கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். பட்டாசு வந்தபோது அதன் பெட்டிக்கும் சுற்றுத்தாளுக்கும் இன்னும் பகட்டான அச்சு தேவைப்பட்டது. லித்தோ கல் போய் ஆஃப்செட் வந்தது. நாள்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம் என்று வேலை பெருகியது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த ஊர் வெடிமருந்துக்கு ஏற்றது போலவே காகிதத்துக்கும் ஏற்றதாக இருந்தது. அச்சகம் நடத்துவோர் தம் எந்திரத்தில் தமக்கென்றே ஒரு புத்தகம் அச்சிட்டுப் பார்க்க நினைப்பது இயல்பு. அந்த நினைப்பிலிருந்து 1972இல் எம். சௌந்தரபாண்டியனின் முயற்சியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. அன்று சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1985இல்தான் அமைந்தது.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட உதவியாளனான லூயி கிராண்டேலுக்கு ஒரு கை எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962இல் ‘வாலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய கதை இது. கருவை உருவாக்கி முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் டாம் டல்லி எழுதினார். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே மாயாவியின் பெயரைச் சொல்லி விளையாடியது. ஆனால் புல்மரின் பெயரோ டல்லியின் பெயரோ அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிரிட்டிஷ் வார இதழ்கள் அன்று எழுத்தாளர் பெயரைப் பக்கத்தில் போடுவதில்லை. ஆகவே புகழ் முழுவதும் கதைத் தலைவனுக்கே போயிற்று. பட்டாசுப் பெட்டியின் படத்தை எல்லோருக்கும் தெரியும், அதை வரைந்தவரை யாருக்கும் தெரியாது. அன்றைய காமிக்ஸ் எழுத்தாளரின் நிலையும் அதுவே.

1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கியபோது நிலைமை சற்று மாறியது. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்தி’. மாடஸ்தி பிளைஸியைப் படைத்த பீட்டர் ஓ’டொனெல் 1963 முதல் 2001 வரை அந்த நாளிதழ்ப் படத்தொடரைத் தாமே எழுதினார். ஓவியர்கள் மாறினார்கள், எழுத்தாளர் மாறவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே நாயகியைத் தளர்ச்சி தெரியாமல் நடத்திச் செல்ல அவரால் முடிந்ததற்கு அவர் தேர்ந்த வடிவமே காரணம். ஒவ்வொரு கதையும் தனிக் கதை. பழைய கடனைச் சுமந்துகொண்டு புதிய கதைக்குள் நுழைய வேண்டியதில்லை. வான் ஹாம்மே இதற்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தார். ஒரே மனிதன், ஒரே கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை ஒரே கதை. அவருடைய வெற்றியும் இந்தத் தேர்விலிருந்து வந்ததே, பிற்பகுதியில் அவருக்கு நேர்ந்த சறுக்கலும் இதிலிருந்து வந்ததே.

வான் ஹாம்மே பொருளியலும் வணிகமும் படித்தவர். பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1976இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். அடுத்த ஆண்டே ‘தோர்கல்’ என்ற தொடர், போலந்து ஓவியர் ரோசின்ஸ்கியின் படங்களுடன் வரத் தொடங்கியது. அதே காலத்தில் ‘லார்கோ வின்ச்’ என்ற இளம் கோடீசுவரனை நாவல்களில் படைத்தார். 1990இல் அவனையே படக்கதைக்குக் கொண்டுவந்தார். பங்குச் சந்தையும் நிறுவனக் கைப்பற்றலும் ஒரு சாகசக் கதையின் உயிர்நாடி ஆக முடியும் என்று காட்டிய கதை அது. பணம் எப்படி நகர்கிறது, அதிகாரம் எந்த மேசையில் முடிவாகிறது என்ற அறிவு இவருடைய எல்லாக் கதைகளிலும் தெரிகிறது. வில்லன் கெட்டவன் என்று சொல்லி நிறுத்துவதில்லை. அவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று கணக்குக் காட்டுகிறார்.

பதிமூன்றின் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததே. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு மனிதன் ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். நினைவு முற்றிலும் அழிந்திருக்கிறது. கழுத்தெலும்பின் அருகே ரோமன் எண்ணில் பதிமூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. ஏப், சாலி என்ற வயதான தம்பதி அவனைக் காப்பாற்றுகிறார்கள். மார்த்தா என்ற மருத்துவர், குடியால் தொழிலை இழந்தவர், குண்டை எடுத்து உயிர் தருகிறார். பெற்ற மகனைப் போல் அந்தத் தம்பதி அவனைப் போற்றத் தொடங்கும் நேரத்தில் கொலையாளிகள் வந்து அவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். கையில் ஒரு பெண்ணின் புகைப்படம் மட்டும் வைத்துக்கொண்டு அவன் தன்னைத் தேடிப் புறப்படுகிறான்.

இந்தத் தொடக்கம் வான் ஹாம்மேயின் சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. 1980இல் வெளிவந்த ராபர்ட் லட்லமின் ‘தி போர்ன் ஐடென்டிடி’ நாவலிலும் குண்டடிபட்ட ஒருவன் கடலிலிருந்து மீட்கப்படுகிறான். அங்கும் நினைவு இல்லை. அங்கும் குடிக்கு அடிமையான ஒரு மருத்துவர் அவனைப் பிழைக்க வைக்கிறார். அங்கும் உடம்பில் ஒரு தடயம் இருக்கிறது: இடுப்புத் தோலுக்கு அடியில் வங்கிக் கணக்கு எண் கொண்ட ஒரு நுண்படச்சுருள். இத்தனை ஒப்புமை தற்செயலாக வராது. இதை மறைத்துவிட்டுச் செய்யும் பாராட்டு நேர்மையான பாராட்டாகாது. வான் ஹாம்மேயை மேதை என்று கொண்டாடுவோர் பலர் இந்தக் கடனைப் பேசுவதில்லை.

ஆனால் கடன் வாங்கியது விதை மட்டுமே. லட்லமின் நாயகனுக்கு எதிரி ஒரு கூலிக் கொலைகாரன். வான் ஹாம்மேயின் நாயகனுக்கு எதிரி ஒரு நாட்டின் ஆட்சிபீடம் வரை நீளும் சதிக்கூட்டம். கதையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் ஷெரிடன் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார். கொலையாளியின் முகம் ஒரு படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. அந்த முகமும் நினைவிழந்த நாயகனின் முகமும் ஒன்றே. 1963இல் டல்லஸில் நடந்த கென்னடி கொலையின் நிழல் இதில் விழுவதை வாசகர் உடனே உணர்வார். தான் யார் என்று தேடுபவனுக்குக் கிடைக்கும் முதல் விடை, நீ ஒரு குடியரசுத் தலைவரைக் கொன்றவன் என்பது. தேடலை நிறுத்தினால் உயிர் போகும். தொடர்ந்தால் தான் ஒரு கொலைகாரன் என்பது உறுதியாகிவிடலாம். துப்பறியும் கதைகளில் துப்பறிபவன் வேறு, குற்றவாளி வேறு. இங்கு இருவரும் ஒருவராகவே இருக்கலாம் என்ற அச்சம் முதல் பாகத்திலிருந்தே வாசகரைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்து வரும் பாகங்களில் பெயர்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுகின்றன. ஏலன் ஸ்மித், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டேனர், ஜேசன் ஃபிளை. ஒவ்வொரு பெயரும் ஒரு பாகத்துக்கு உண்மை. அடுத்த பாகத்தில் முகமூடி. ஒன்று முதல் இருபது வரை எண் பச்சை குத்திக்கொண்ட சதிகாரர்கள் ஒவ்வொருவராய் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். சிவகாசிக்காரர்களுக்குச் சரவெடி பின்னுவது தெரியும். ஒவ்வொரு வெடியின் திரியும் நடுத்திரியோடு சேர்த்துப் பின்னப்பட்டிருக்க வேண்டும். நெருப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றிப் போக வேண்டும். எங்கேனும் பின்னல் தளர்ந்தால் சரம் பாதியில் அணைந்துவிடும். முதல் ஐந்து பாகங்களில் வான் ஹாம்மே பின்னிய பின்னல் அப்படிப்பட்டது. இரண்டாம் பாகத்தில் ரோலண்ட் குடும்பத்தின் வீடு, மூன்றாம் பாகத்தில் மனநோயாளிகளின் சிறை, நான்காம் பாகத்தில் சிறப்புப் படையின் பயிற்சி முகாம், ஐந்தாம் பாகத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. இடம் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், திரி மட்டும் ஒன்றே. 1984 முதல் 1988 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த இந்த ஐந்து பாகங்களையும் தனியே எடுத்து வைத்தால் அதுவே ஒரு முழு நாவல்.

பக்கத்தைத் திருப்பும் கையை அறிந்து எழுதும் கலையும் அவருக்கு வாய்த்திருந்தது. பெல்ஜிய ஆல்பம் ஒன்றில் கதைக்குக் கிடைப்பது நாற்பத்தைந்து பக்கம் அளவு. அதற்குள் ஒரு புதிர் அவிழ வேண்டும், இன்னொன்று விழ வேண்டும். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும், அல்லது யாரோ ஒருவர் திரும்பிப் பார்ப்பார். யாரைப் பார்த்தார் என்பது பக்கத்தைத் திருப்பிய பிறகே தெரியும். தமிழின் பாக்கெட் அளவு இதழ்களில் இந்த நுட்பம் பெரும்பாலும் காணாமல் போனது. பெரிய பக்கத்தின் நான்கு வரிசைப் படங்கள் சிறிய பக்கத்தில் அடங்குவதில்லை. திடுக்கிட வைக்க வேண்டிய கட்டம் சில வேளை முந்தைய கட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடும். வண்ணமும் இல்லை. அப்படியிருந்தும் கதை தமிழில் பற்றிக்கொண்டது என்பது அதன் உள்வலுவுக்குச் சான்று. வடிவத்தின் உதவி பாதி போன பிறகும் நிற்கும் கதையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

தொடரின் உச்சி ஐந்தாம் பாகத்தில் இருப்பதாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். கூர்ந்து படித்தால் அது ஏழாம் பாகத்தில் இருக்கிறது. ஆட்சிக் கவிழ்ப்பும் ஹெலிகாப்டரும் முடிந்த பிறகு கதை கிரீன்ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு வருகிறது. நாயகனின் தந்தை ஒரு பத்திரிகையாளர். மெக்கார்த்தி காலத்தில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தவர். ஓர் ஆகஸ்ட் மாத இரவில் கூ க்ளக்ஸ் கிளான் முகமூடிக்காரர்கள் அவரைக் கொன்றார்கள். அந்த முகமூடிகளுக்குள் இருந்தவர்கள் யார் என்பது ஊர் முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. உலகளாவிய சதியின் எழுத்தாளர் என்று பெயர் வாங்கியவர், ஒரு சின்ன ஊரின் வாய்மூடிய குற்ற உணர்வை இத்தனை நுட்பமாக எழுதுகிறார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, எவரும் சொல்லாத ஒன்று எப்படித் தலைமுறை தாண்டி அழுகிக் கிடக்கும் என்பது எந்த நாட்டுக் கிராமத்தாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கதையின் இரகசியத்தை முன்பே அறிந்துகொண்டு இரண்டாம் முறை படிக்கும்போதும் இந்தப் பாகம் கனம் குறைவதில்லை. த்ரில்லருக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

எட்டாம் பாகம் 1991இல் வந்தது. சதிக்கூட்டத்தின் முதல் எண்ணுக்கு உரியவர் யார் என்பது அதில் வெளியாகிறது. அந்தப் பெயரை இங்கே சொல்லிவிடுவது இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்குச் செய்யும் அநீதி. அந்த விடை நேர்மையானது என்று மட்டும் சொல்லலாம். திரும்பிப் போய்ப் பார்த்தால் தடயங்கள் முதல் பாகத்திலிருந்தே வாசகர் கண்முன் கிடந்திருக்கின்றன. எங்கிருந்தோ ஒரு புது ஆளைக் கொண்டுவந்து அவன் தலையில் பழியைப் போடும் வேலையை வான் ஹாம்மே செய்யவில்லை.

வான்ஸின் பங்கைப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்கலாகாது. கட்டடம், கார், துப்பாக்கி, படைச் சீருடை என்று எதையும் ஆதாரம் பார்த்து வரைந்தவர் அவர். அமெரிக்கா என்று நம்ப வைக்கும் ஓர் அமெரிக்காவைப் பெல்ஜியர்கள் இருவர் காகிதத்தில் கட்டியதில் பெரும்பங்கு அவருடையது. இவருடைய ‘ப்ருனோ பிரேசில்’ தமிழ் வாசகருக்கும் தெரிந்த பெயர்தான். முகங்களில் அவர் அத்தனை வல்லவர் இல்லை. தாடை அகன்ற ஆண்கள் பலர் ஒரே சாயலில் இருப்பதால், பெயர் மாறிக்கொண்டே போகும் கதையில் வாசகர் தடுமாறுவது உண்டு.

குறைகள் முதல் எட்டுப் பாகங்களிலும் இல்லாமல் இல்லை. நாயகனைக் கொல்ல வருகிறவர்கள் வேண்டிய நேரத்தில் குறி தவறுகிறார்கள். ‘கீரிப்பிள்ளை’ என்ற பட்டப்பெயர் கொண்ட கொலைகாரன் எத்தனை முறை தோற்றாலும் திரும்பி வருகிறான். மூன்றாம் தடவைக்கு மேல் அவனைப் பார்த்தால் அச்சம் வருவதில்லை. பெண் பாத்திரங்களை எழுதுவதில் வான் ஹாம்மேயின் கை இரண்டு விதமாகப் போகிறது. மேஜர் ஜோன்ஸ் கறுப்பினப் பெண், படை அதிகாரி, துணிச்சலும் கூர்மதியும் உடையவர். 1980களின் ஐரோப்பியப் படக்கதையில் அப்படியொரு பாத்திரம் அரிது. அவரைத் தவிர்த்தால், நாயகனைச் சந்திக்கும் பெண்களில் பெரும்பாலோர் அவனை விரும்புகிறார்கள், அல்லது சாகிறார்கள், சிலர் இரண்டும் செய்கிறார்கள். இதைக் காலத்தின் குறை என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஓ’டொனெல் அதற்கு இருபது ஆண்டு முன்பே மாடஸ்தியை எழுதத் தொடங்கிவிட்டார்.

உண்மையான சிக்கல் ஒன்பதாம் பாகத்தில் தொடங்குகிறது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, சதி முடிந்துவிட்டது, ஆனால் தொடர் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. கதை கோஸ்டா வெர்டே என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறது. அங்கே நாயகனுக்கு ஒரு மனைவி இருந்திருக்கிறாள், ஒரு புரட்சி நடந்திருக்கிறது. பின்னர் மூன்று வெள்ளிக் கடிகாரங்கள், அயர்லாந்து மூதாதையர், 1867இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெக்சிகோ பேரரசர் மாக்ஸிமிலியனின் தங்கம். முதல் பகுதியில் நாயகனின் கடந்தகாலம் அவனைத் துரத்தியது. இரண்டாம் பகுதியில் எழுத்தாளர் அவனுக்குக் கடந்தகாலங்களைத் தேடித் தேடிக் கொடுக்கிறார். ஒரு மனிதனுக்கு இத்தனை வாழ்க்கை இருக்க முடியாது என்ற எண்ணம் பன்னிரண்டாம் பாகத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பன்னிரண்டாம் பாகம் மட்டும் விதிவிலக்காக நிற்கிறது. பழைய கணக்கு ஒன்றைத் தீர்க்க ஜெனரல் கேரிங்டன் என்ற பாத்திரம் எடுக்கும் முடிவும் அதன் விளைவும் முதல் பகுதியின் வலுவோடு எழுதப்பட்டவை. சதி பற்றிய கதை அதோடு உண்மையிலேயே முற்றுப்பெறுகிறது. தொடரையும் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

வெளியீட்டு ஆண்டுகளே தளர்ச்சியைக் காட்டுகின்றன. 1984 முதல் 1991 வரை எட்டு ஆண்டுகளில் எட்டுப் பாகம். அதன்பின் 1992 முதல் 2007 வரை பதினாறு ஆண்டுகளில் பதினொன்று. 1999இல் வந்த பதிமூன்றாம் பாகம் வழக்கமான படக்கதையே இல்லை. பத்திரிகையாளர்கள் இருவர் திரட்டிய புலன்விசாரணைக் கோப்பு போல, அதுவரை நடந்ததைத் தொகுத்துச் சொல்லும் உரைநடை நிறைந்த புத்தகம் அது. அந்த எண்ணுக்கு அப்படியொரு புத்தகம் ஒதுக்கியது அழகான எண்ணம்தான். ஆயினும் கதையைத் தொடர வாசகருக்கு ஒரு கோப்பு தேவைப்படுகிறது என்று எழுத்தாளரே ஒப்புக்கொள்ளும் இடமாகவும் அது இருக்கிறது. 2007இல் பதினெட்டாம், பத்தொன்பதாம் பாகங்கள் ஒன்றாக வெளியாயின. பதினெட்டை வரைந்தவர் வான்ஸ் அல்லர். பிரெஞ்சுப் படக்கதை உலகின் மாபெரும் ஓவியரான ழான் ஜிரோ. பத்தொன்பதோடு வான் ஹாம்மே தொடரிலிருந்து விலகினார். 2011 முதல் ஈவ் சாந்த் எழுத, யூரி ஜிகூனோவ் வரையத் தொடர் மீண்டும் புறப்பட்டது. இடையில் 2003இல் வீடியோ கேம், 2008இல் தொலைக்காட்சித் தொடர். பெயர் கதையைத் தாண்டி வணிகச் சின்னமாகிவிட்டது.

தமிழில் இந்தத் தொடரின் பெயர் வளர்ந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. 1980களில் லயன் காமிக்ஸில் தொடங்கிய கதை, மூலத்தைப் போலவே இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வாசகர் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போய்விட்டார். நடுவில் ஓர் இதழ் தவறினால் பழைய புத்தகக் கடைகளில் தேட வேண்டியிருந்தது. நினைவில் பாதியும் கற்பனையில் பாதியுமாய் நிற்கும் கதை எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நாயகனுக்கு நினைவில்லை, படிப்பவருக்கும் போன பாகம் சரியாக நினைவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு மயக்கத்தை உண்டாக்கின. வான் ஹாம்மேக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மதிப்பின் ஒரு பகுதி இந்தக் காத்திருப்பு கொடுத்த மதிப்பு.

அந்த மயக்கத்தைத் தெளிய வைத்ததும் சிவகாசிதான். 2010இல் பதினெட்டுப் பாகங்களும், அதாவது பதிமூன்றாம் கோப்பு நீங்கலாக முழுக்கதையும், கறுப்பு வெள்ளையில் ஒரே தடித்த தொகுதியாக வந்தன. 2018இல் வண்ணத்தில் முழுத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டு மே மாதம் வான்ஸ் காலமானார். ஒரு மொழியின் வாசகர்கள் காமிக்ஸ் தொடர் ஒன்றை இப்படி முழுமையாகக் கேட்டு வாங்கியது அந்தப் பதிப்பகத்துக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவுக்குச் சான்று. ஆனால் முழுத் தொகுதி எழுத்தாளருக்குக் கருணை காட்டாது. இருபத்து மூன்று ஆண்டுகளில் எழுதியதை நான்கு நாளில் படிக்கும்போது தையல்கள் எல்லாம் தெரிகின்றன. முதல் பகுதி அந்தப் படிப்பில் முன்பைவிட உயர்ந்து நிற்கிறது. பெயர்களும் எண்களும் குழப்பமின்றிப் பொருந்துகின்றன. பிற்பகுதி தாழ்ந்து போகிறது. மாதக்கணக்கில் காத்திருந்து படித்தபோது புதிராகத் தெரிந்தது, அடுத்தடுத்துப் படிக்கும்போது நீட்டலாகத் தெரிகிறது.

தமிழின் சொந்த த்ரில்லர் மரபோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கோவையின் ராஜேஷ்குமார் 1,500க்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். மாத நாவலின் வேகத்தில் ஒவ்வொரு கதையும் தனியே தொடங்கித் தனியே முடிகிறது. விவேக் வருவார், வழக்கு முடியும், அடுத்த மாதம் அடுத்த வழக்கு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அப்படியே. சில கதை தோற்கலாம். அந்தத் தோல்வி அடுத்த கதையைத் தொடாது. இந்த முறையை மலிவு என்று சொல்லி, ஒரே பெரும்கதை எழுதுவோரை மட்டும் கலைஞர் என்று கொண்டாடும் வழக்கம் காமிக்ஸ் வாசகரிடம் உண்டு. அது சரியான அளவுகோல் ஆகாது. பெரும்கதைக்கு எட்டும் உயரம் தனிக்கதைக்கு எட்டாது என்பது மெய். ஆனால் முடிவு வந்த பிறகும் நிறுத்தத் தெரியாத ஆபத்து தனிக்கதைக்குக் கிடையாது.

தமிழாக்கமும் இந்தப் புகழில் பங்கு கேட்க உரிமை உடையது. மூலத்தின் வெறும் எண்ணைத் தலைப்பாக வைத்திருந்தால் தமிழில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரத்தப் படலம் என்ற தலைப்பு காவியத்தின் காண்டமும் படலமும் பழகிய காதுக்கு ஒரு பெருங்கதையை அறிவிக்கிறது. பேச்சுக் குமிழியின் சின்ன இடத்தில் பிரெஞ்சு உரையாடலின் அரசியல் நுணுக்கங்களைத் தமிழில் அடக்குவது எளிய வேலையல்ல. அங்கங்கே விளக்கம் மிகுந்தும் அங்கங்கே வேகம் குறைந்தும் போனாலும், கதையின் கனத்தைச் சிவகாசித் தமிழ் தாங்கியிருக்கிறது.

வான் ஹாம்மே தம் பெயருக்கு முதல் எட்டுப் பாகங்களிலும் பன்னிரண்டாம் பாகத்திலும் முழுத் தகுதி உடையவர். மற்றவை அந்தப் பெயரைச் செலவழித்து எழுதியவை. ‘இதற்கு மேல் ஒரு த்ரில்லர் இல்லை’ என்ற கூற்று பத்தொன்பது பாகங்களுக்கும் பொருந்தாது. கிரீன்ஃபால்ஸ் இரவைச் சொல்லும் ஏழாம் பாகத்துக்குப் பொருந்தும். புதிதாகப் படிக்கப் போகிறவர் முதல் பாகத்திலிருந்து எட்டு வரை இடைவெளி விடாமல் படிக்கட்டும். ஒன்பது முதல் பதினொன்று வரை வேகமாகக் கடந்து பன்னிரண்டோடு புத்தகத்தை மூடட்டும். ஒரு மாதம் கழித்து ஏழாம் பாகத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படிக்கட்டும்.